வியட்நாமில் எங்கே, எதைச் சாப்பிடலாம்? கேட்டவர்களுக்குக் களுவாஞ்சிகுடி அக்காவின் பதில்கள்

சைகோனுக்கு, அதாவது ஹோ சி மின் நகரத்துக்குப் பக்கத்தில் பியென் ஹோவா என்றொரு ஊர். அங்கே ஒரு கார்மென்டில் ஏழு வருடம் தரம் பார்க்கும் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். லீவு நாளில் மற்றவர்கள் நித்திரை கொள்ள, நான் பஸ் ஏறிச் சாப்பிடப் போய்விடுவேன். அதை ஒருதரம் எழுதப்போய், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. என்னால் முடிந்தவற்றுக்குப் பதில் இதோ.

கல்லடித் தம்பி ஒருவர்: அக்கா, நானும் மனிசியும் ஹனோயில் இறங்கி சைகோன் வரைக்கும் பத்து நாள் போகிறோம். எந்தெந்தக் கடையைத் தவறவிடக் கூடாது?

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே நல்ல கடையில் பெரும்பாலும் ஒரேயொரு சாப்பாடுதான் இருக்கும். அதைத்தான் பாட்டி காலத்திலிருந்து காய்ச்சுவார்கள், சட்டி காலியானால் கதவைச் சாத்துவார்கள். படம் போட்ட பத்துப் பக்க மெனுவை நீட்டினால் எழும்பி அடுத்த கடைக்குப் போங்கள்.

ஹனோயில் காலைச் சாப்பாட்டுக்கு 49, பாத் டான் தெருவில் இருக்கும் ஃபோ கடை. ஃபோ என்றால் அரிசி நூடில்ஸ் போட்ட சூப். வரிசையில் நின்று, முதலில் காசைக் கொடுத்து, கோப்பையை நீங்களே மேசைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வடக்கத்தி ஃபோவில் இலை தழை குறைவு. தெளிந்த மாட்டெலும்புச் சாறு, மெல்லிய இறைச்சி, வெங்காயத்தாள், அவ்வளவுதான். மேசையில் உள்ளி ஊறிய வினாகிரி இருக்கும், அதில் ஒரு கரண்டி விட்டுக்கொள்ளுங்கள்.

மத்தியானத்துக்கு புன் சா. சுட்ட பன்றி இறைச்சியை இனிப்பும் புளிப்புமான சாற்றில் போட்டு, இடியப்பம் மாதிரியான நூலோடு தருவார்கள். 2016 மே மாதம் ஒபாமாவும், ஊர் ஊராய்ச் சாப்பிட்டு டிவியில் காட்டிய அமெரிக்கச் சமையற்காரர் அந்தனி போர்டேனும் பிளாஸ்டிக் கதிரையில் குந்திச் சாப்பிட்டது ஹூங் லியென் என்ற கடையில். இரண்டு பேருக்கும் பில் 6 டொலர். அந்த மேசையை இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பன்றி வேண்டாம் என்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

இரவைக்கு சா கா. மஞ்சளில் ஊறவைத்த மீனை மேசையிலேயே எண்ணெயில் பொரிய விட்டு, அதன் மேல் ஒரு குவியல் பச்சை இலையைப் போடுவார்கள். என்ன இலை என்று முகர்ந்து பார்த்தேன், பிள்ளைப்பெற்ற வீட்டு வாசம் வந்தது! சதகுப்பை. நாட்டுமருந்துக் கடையில் நாம் விதையாக வாங்குவோமே, அதன் இலை. அதை மீனோடு வதக்கிச் சாப்பிடலாம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள். சா கா லா வொங் என்ற கடை 1871 இலிருந்து இதை மட்டும்தான் செய்கிறது. தெருவுக்கே இந்தச் சாப்பாட்டின் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. சா காவோடு ஊதா நிறத்தில் ஒரு குழம்பு வைப்பார்கள், மாம் தோம். நம்முடைய கூனியை உப்பில் நொதிக்க விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். வேறொரு சின்னக் கடையில் அதைச் சம்பல் என்று நினைத்து ஒரு கரண்டியை அப்படியே வாயில் போட்டேன். கடைக்கார அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் தேசிக்காய்ப் புளியும் சீனியும் மிளகாயும் சேர்த்து நுரை வர அடித்துக் காட்டினார். அப்படி அடித்தால் அது வேறு சாமான். இப்போது வீட்டில் கூனி காயும் மணம் வந்தால் எனக்கு அந்த அம்மாவின் சிரிப்புத்தான் ஞாபகம் வரும்.

அப்புறம் நடுநாடு. ஹுவேயில் புன் போ ஹுவே சாப்பிடுங்கள். இதுவும் அரிசி நூல் சூப்தான்: எலுமிச்சைப் புல், இறால் விழுது, மிளகாய் எண்ணெய், மாட்டிறைச்சி. எங்கள் நாக்குக்கு ஃபோவைவிட இதுதான் ஒத்துவரும் என்பது என் கட்சி. பன்றிக் காலும், கட்டியாக்கிய இரத்தமும் போடுவது வழக்கம், வேண்டாம் என்றால் முதலே சொல்லிவிடுங்கள். டானாங்கில் மீ குவாங்: மஞ்சள் போட்ட அகல அரிசி நூல், அடியில் கொஞ்சமாய்ச் சாறு, மேலே கச்சானும் அப்பளம் மாதிரி ஒன்றும். ஹோய் ஆனில் காவ் லாவ். அதன் நூலைப் பழைய பா லே கிணற்றுத் தண்ணீரிலும் சாம்பல் தெளிநீரிலும் பிசைந்தால்தான் சரிவரும் என்று ஊரே சொல்லும். கதையோ நிசமோ, வேறு ஊரில் அந்த இழுபடும் பதம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஹனோயிலிருந்து சைகோன் ரயில் பாதை 1,726 கிலோமீற்றர். பத்து நாளில் முழுக்க ரயிலில் போனால் சாப்பிட நேரம் மிஞ்சாது. ஹுவேயிலிருந்து டானாங் வரை மட்டும் ரயிலில் போங்கள், கடலை ஒட்டிப் போகும்.

செங்கலடியிலிருந்து: ஃபோவா, ஃபாவா? எப்படிச் சொல்வது?

இரண்டும் இல்லை. "ஃப" என்று தொடங்கி, கேள்வி கேட்பதுபோல் குரலைத் தாழ்த்தி உயர்த்த வேண்டும். நான் ஏழு வருடம் சொன்னேன், ஏழு வருடமும் சிரித்தார்கள். கோப்பை மட்டும் சரியாக வந்துவிடும்.

காத்தான்குடிச் சகோதரி ஒருவர்: குடும்பத்தோடு போக ஆசை. ஹலால் கிடைக்குமா? பழமும் பாணும்தான் சாப்பிட வேண்டி வருமா?

வராது தங்கச்சி, ஆனால் திட்டம் போட்டுப் போக வேண்டும். பெரும்பாலான தெருக்கடையில் பன்றி புழங்கும், மாட்டு ஃபோ என்றாலும் அது ஹலால் அறுப்பு என்று எடுக்க முடியாது. இரண்டு சொல் பாடமாக்குங்கள்: தெற்கே பன்றிக்கு "ஹெயோ", வடக்கே "லொன்".

சைகோனில் பென் தான் சந்தையை ஒட்டி நுயென் ஆன் நின் என்றொரு தெரு இருக்கிறது. மலேசியத் தெரு என்றே சொல்வார்கள். மலேசியக் கடைகளும், சாம் என்ற வியட்நாமின் சிறுபான்மை இனத்து முஸ்லிம்களின் கடைகளும் வரிசையாக இருக்கும், ஹலால் ஃபோவும் அங்கேயே குடிக்கலாம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் டோங் டு தெருவில் 1935 இல் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது. கட்டியவர்கள் தென்னிந்திய முஸ்லிம்கள். கண்ணாடிக் கட்டிடங்களுக்கு நடுவில் அந்த வெள்ளையும் நீலமுமான மினாராவைக் காணும்போது நீங்களே நின்றுவிடுவீர்கள். ஹனோயிலும் ஹாங் லூக் தெருவில் இந்திய வணிகர்கள் கட்டிய அல் நூர் பள்ளி உண்டு.

நாலைந்து நாள் கூட இருந்தால் மீகொங் ஆற்றுப் பக்கம் சௌ டொக் போங்கள். ஆற்றுக்கு அக்கரையில் சாம் முஸ்லிம்களின் ஊர்கள். தேங்காய்ப்பால் விட்ட மாட்டிறைச்சிக் கறியும், துங் லோ மோ என்று மாட்டிறைச்சியில் செய்து வெயிலில் காயவைக்கும் சொசேஜும் அவர்களின் கைவண்ணம். அந்தக் கறியைச் சாப்பிட்டுவிட்டு, ஆணம் இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் பேனையைக் கீழே வைக்கிறேன்.

அதே சகோதரி: கறி என்றே சொல்வார்களா?

"கா ரி" என்பார்கள். நம்முடைய சொல்தான் கடல் தாண்டிப் போய்க் கழுத்து நெரிபட்டுக் கிடக்கிறது. கோழி, வத்தாளங்கிழங்கு, தேங்காய்ப்பால், எலுமிச்சைப் புல். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன நீளப் பாணைக் கிழித்துத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். உறைப்பு குறைவு.

திருக்கோவில் அண்ணர் ஒருவர்: நான் மரக்கறி மட்டும். அங்கே பட்டினி கிடப்பேன் என்று பெடியள் பகிடி பண்ணுகிறார்கள்.

பெடியளுக்குத் தெரியாது அண்ணர். அமாவாசையும் பறுவமும் வந்தால் அங்கே நிறையப் பேர் மரக்கறிதான். "சாய்" என்று எழுதிய பலகையைத் தேடுங்கள், அதுதான் மரக்கறிக் கடை. அதில் பல கடைகளில் பௌத்த முறைப்படி வெங்காயம், உள்ளி கூட இராது, சஷ்டி விரதகாரருக்கும் குறை சொல்ல இடமில்லை. "தோய் ஆன் சாய்" என்றால் நான் மரக்கறி என்று அர்த்தம். சாதாரணக் கடையில் அது மட்டும் போதாது. நெத்தலியை உப்பில் பல மாதம் ஊறவைத்து எடுக்கும் நுக் மாம் என்ற மீன்சாறு எல்லாவற்றிலும் விழும், கீரையிலும் விழும். என்னோடு வேலை செய்த பிள்ளை ஒருத்தி மூன்று மாதம் அது தெரியாமல் கீரை சாப்பிட்டாள். தெரிந்த அன்று அழுதாள், பாவம்.

சைகோனில் நல்ல மேசை, விளக்கு என்று உட்கார்ந்து சாப்பிட ஹும் என்ற மரக்கறி உணவகம் உண்டு. விலை கொஞ்சம் கூட. ஹுவேயின் மரக்கறிச் சமையலும் பேர்போனது.

போகும்போது ட்ருவாங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்கும் போய்வாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வாழ்ந்த தமிழர் கட்டியது. இப்போது கும்பிடுவோர் பெரும்பாலும் வியட்நாம், சீன ஆட்கள். பின்சுவரில் நெற்றியை முட்டி அம்மனிடம் காதோடு காதாகக் கேட்பார்கள்.

அம்பாறை நகரிலிருந்து: மிச்சலின் நட்சத்திரம் வாங்கிய கடைகள் உண்டா?

உண்டு. மிச்சலின் என்பது நல்ல சாப்பாட்டுக்கடைகளுக்கு நட்சத்திரம் கொடுக்கும் பிரெஞ்சு வழிகாட்டிப் புத்தகம். வியட்நாமில் 2023 இல் முதல்தரம் நாலு கடைக்குக் கொடுத்தார்கள். ஹனோயில் தாம் வி, ஜியா, ஹிபானா, சைகோனில் ஆன்ஆன். ஹிபானா ஜப்பான் சமையல், வியட்நாம் போய் அதற்குக் காசு செலவழிக்க நான் சொல்ல மாட்டேன். ஒன்றுக்கு மட்டும் போவதென்றால் தாம் வி. வடக்கத்தி வீட்டுச் சமையல், ஆறு பேராய்ப் போய்ப் பங்கு போட்டுச் சாப்பிட ஏற்றது.

சம்மாந்துறை, அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவர்: குறுணலை அங்கே ஆட்கள் காசு கொடுத்துச் சாப்பிடுகிறார்களாமே?

கேட்டதும் நெஞ்சு பதறியிருக்கும் உங்களுக்கு! உண்மைதான். கொம் தாம் என்றால் குறுணல் சோறு. மீகொங் விவசாயி விற்க முடியாத குறுணலைத் தன் வீட்டில் ஆக்கித் தின்றான், அது நகரத்துக்கு வந்து சைகோனின் அடையாளமாகிவிட்டது. சோறு ரவை மாதிரி உதிர்ந்து, மேலே விடும் இனிப்பு மீன்சாற்றை நன்றாகக் குடிக்கும். வழக்கமாகச் சுட்ட பன்றித் துண்டத்தோடு வரும், சைகோனின் ஃபூ நுவான் பகுதியில் பா கியென் என்ற கடையில் அந்தத் துண்டம் கோப்பையைவிடப் பெரிது. சுட்ட கோழியோடு தரும் கடைகளும் உண்டு. நீங்கள் கோழித்தீனுக்கு அனுப்பும் சாமானை அங்கே கடையில் தனி மூட்டையாகக் கட்டி விற்கிறார்கள், யோசித்துப் பாருங்கள்.

ஏறாவூரிலிருந்து: கோப்பி எப்படி?

கறுப்பு, கசப்பு, அடியில் ரின்பால். சின்னத் தகர வடிகட்டியைக் குவளை மேல் வைத்துவிடுவார்கள், சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அவசரக்காரருக்கு ஆகாது.

ஹனோயில் கியாங் என்ற கடைக்கு மட்டும் கட்டாயம் போங்கள். 1946 இல் பால் தட்டுப்பாடு. பாலுக்குப் பதிலாக முட்டை மஞ்சளைச் சீனியோடு நுரைக்க அடித்துக் கோப்பிக்கு மேலே விட்டார் ஹோட்டல் பாரில் வேலை செய்த ஒருவர். அவர் பெயரில்தான் கடை. முட்டைக் கோப்பி என்றதும் எனக்கு அம்மம்மாதான் நினைவுக்கு வந்தா. பெரியபிள்ளையான நாட்களில் மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தாவே, அந்த முட்டைக் கோப்பி. இங்கே மருந்து, அங்கே பலகாரம்.

கல்லடித் தம்பி மறுபடியும்: விசா, செலவு?

ஒன்லைன் விசா, 90 நாள் வரைக்கும், ஒருமுறை போய்வர 25 டொலர். தெருக்கடையில் ஒரு ஃபோ சுமார் 50,000 டொங், ஏறக்குறைய 2 டொலர். ஆயிரங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 20,000 தாளும் 500,000 தாளும் இரண்டும் நீலம், இருட்டில் மாறிப்போகும், கவனம்.

பாசிக்குடாவில் சாப்பாட்டுக்கடை வைக்கப்போகும் இளம் சோடி: வெள்ளைக்காரர் வருவார்கள், ஃபோ போடலாமா?

போடாதீர்கள். எலும்பை ராத்திரி முழுக்க மெல்லிய தீயில் வைக்க வேண்டும், காஸ் விலையில் கட்டுப்படியாகாது, கொதிக்க விட்டால் சாறு கலங்கிப்போகும். நீங்கள் செய்ய வேண்டியது பான் செயோ, நம்முடைய தோசை மாதிரி ஒன்று. அரிசிமா, தேங்காய்ப்பால், மஞ்சள், தண்ணீர். அப்ப மாவைவிடத் தண்ணியாகக் கரைத்து அரை மணி நேரம் வைத்தால் போதும், புளிக்க விடத் தேவையில்லை. உள்ளே வாவி இறாலும் முளைவிட்ட பயறும். சலாது இலையில் சுற்றி, மீன்சாறு, தேசிக்காய், சீனி, உள்ளி, மிளகாய் கரைத்த கிண்ணத்தில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். டானாங்கில் பா டுவாங் என்ற கடை ஒரு ஒடுக்கமான ஒழுங்கையின் அந்தத்தில் இருந்துகொண்டு முக்கியமாக இதை விற்றே பேர் வாங்கியது. போக முடிந்தால் போய், அடுப்படிப் பக்கம் நின்று கையைக் கவனியுங்கள்.

தாச்சி நன்றாகக் காய்ந்த பிறகு மாவை ஊற்றுங்கள். விழும்போது "செயோ" என்று சத்தம் வர வேண்டும், பலகாரத்துக்குப் பெயரே அந்தச் சத்தம்தான். வராவிட்டால் மாவை மாற்ற வேண்டாம், அடுப்பைக் கூட்டுங்கள்.