சுண்ணாம்பு தடவாத கலயம்

கேள்வி: ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கு எழுதிவருகிறேன். அடிப்படையில் நான் நல்லவன். பெரிய தப்புத் தண்டாவுக்குப் போனதில்லை. பேருந்தில் நடத்துநர் மீதிச் சில்லறையை மறதியாகக் கூடுதலாகக் கொடுத்தால் பேசாமல் வாங்கிக்கொள்வது, வீட்டில் உட்கார்ந்துகொண்டே ‘வண்ணார்பேட்டை தாண்டிவிட்டேன்’ என்று போனில் சொல்வது போன்ற சின்ன விஷயங்கள் உண்டு. போன மாதம் நான் பேரேட்டில் விட்ட பிழையால் இருப்பில் இரண்டு சேலை குறைந்ததாகக் காட்டியது. முதலாளி கடைப் பையனைத் திட்டினார். பிழை என்னுடையது என்று தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. இதைக் கேட்டதிலிருந்து என் மனைவி, ‘இதுதான் உங்கள் குணம்’ என்று குத்திக் காட்டுகிறாள். அன்றாடச் சில்லறை விஷயங்களை வைத்தா ஒருவனுடைய குணத்தை அளப்பது? பெரிய சோதனை வரும்போதுதானே மனிதன் யார் என்று தெரியும்?

— பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: மூன்று சம்பவங்களை எழுதி, மூன்றுக்கும் ‘சின்ன’ என்ற ஒரே முத்திரையைக் குத்தியிருக்கிறீர்கள். யாருக்குச் சின்னது என்பதை மட்டும் எழுதவில்லை. வசூலான பணத்தைப் பணிமனையில் ஒப்படைக்கும்போது டிக்கெட் கணக்குக்குக் குறைந்தால், குறைந்ததை நடத்துநர்தான் தம் கையிலிருந்து போட வேண்டும். ஜங்ஷனுக்கும் பாளைக்கும் இடையே நெரிசலில் நசுங்கி, நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்க்கும் ஒருவருடைய சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்தீர்களா என்று யாராவது கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். ஆனால் நடந்தது அதுதான். போனில் சொல்லும் பொய்யை விட்டுத்தள்ளுகிறேன். அது பாதித் திருநெல்வேலிக்கு இருக்கிற வியாதி. கேட்பவரும் நம்புவதில்லை என்பதால் சேதம் குறைவு.

கடைப் பையன் விஷயம் அப்படி இல்லை. ‘திட்டினார்’ என்று ஒரே சொல்லில் அதைக் கடந்துவிட்டீர்கள். ஜவுளிக் கடையில் இருப்பு குறையும்போது விழுகிற திட்டு எந்த வார்த்தையில் போய் முடியும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாடிக்கையாளர் கலைத்துப் போட்ட சேலைகளை மறுபடி மடித்து அடுக்குகிற பையன் அவன்; உங்களை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவனாகத்தான் இருப்பான். முதலாளி பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் பேரேடு உங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. பிழை எந்தப் பக்கத்தில், எந்த வரியில் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. ‘முதலாளி, பிசகு என்னுடையது’ என்று சொல்லியிருந்தால் கால் மணி நேரம் உங்கள் முகம் சுண்டிப்போயிருக்கும். அதற்கு மேல் நஷ்டம் ஒன்றுமில்லை. சொல்லாமல் விட்டதால், அந்தப் பையன் அங்கே வேலை பார்க்கும் காலமெல்லாம், இருப்பு குறையும் ஒவ்வொரு முறையும் முதலாளியின் பார்வை முதலில் அவன் மேல்தான் போய் விழும். கணக்குத் தெரிந்த நீங்கள் இதைச் சில்லறை விஷயம் என்று எழுதியதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

பெரிய சோதனைக்கு வருவோம். பாளையிலிருந்து நெல்லைக்குப் போகும்போது தாமிரபரணியின் மேல் சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்திருப்பீர்கள். ஆற்றைக் கடக்கப் படகை நம்பியிருந்த காலத்தில், கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார் என்ற மூத்த அலுவலராக இருந்த அவர் தம் சொந்தப் பணத்தைப் போட்டதால் 1843இல் எழும்பி நின்ற பாலம் அது. அப்படி ஒரு வாய்ப்பு ஒரு தலைமுறையில் ஒருவருக்கு வாய்க்கும். அந்தப் பாலத்தின் மேல் ஓடும் பேருந்தில் உள்ளங்கைச் சில்லறையை எண்ணிப் பார்க்கிற வாய்ப்போ உங்களுக்குத் திரும்பத் திரும்ப வாய்க்கிறது. முன்னதற்காகக் காத்திருக்கிறேன், பின்னதைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்கிறீர்கள்.

பெரிய சோதனை நம் பக்கம் வராமலும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, சுமார் 800 பயணிகள் நாலாபுறமும் வெள்ளம் சூழ மாட்டிக்கொண்டார்கள். வெளியிலிருந்து உதவி போய்ச் சேர்வதற்கு முன், பக்கத்திலிருந்த புதுக்குடி ஊர் மக்கள் கோயிலில் சமைத்து அவர்களுக்குச் சோறு போட்டார்கள். கூட்டம் போட்டு, நாம் நல்லவர்களாக நடந்துகொள்ளலாமா என்று ஆலோசிக்கிற வேளை அல்ல அது. நம் சீமையில் கோயில் கொடை விழா என்றால் ஊருக்கே உலை வைப்பார்கள். வீடு வீடாக வரி பிரிப்பதும், அரிசி அளப்பதும், கொதிக்கிற அண்டாவை நாலு பேர் சேர்ந்து இறக்குவதும், வெளியூரிலிருந்து வந்தவர்களை முதல் பந்தியில் உட்காரவைப்பதும் வருஷா வருஷம் செய்து பழகியவை. அந்தப் பழக்கம்தான் வெள்ளத்தன்று அவர்கள் கைகளை நடத்தியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். சோதனை வருகிற நேரத்தில் மனிதன் யார் என்று தெரியும் என்பது சரி. ஆனால் அன்றைக்குத் தெரிவது, அதற்கு முன்பே யாருக்கும் தெரியாமல் சேர்ந்துபோனதுதான்.

திசையன்விளை, உடன்குடிப் பக்கம் பனையேறுகிறவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். காலையும் மாலையும் பாளையைச் சீவிவிட்டு, கலயத்தைக் கட்டுவதற்கு முன்பே அதன் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவினால் அது பதனீர். தடவாமல் விட்டால், அதே மரத்தின் அதே பாளையிலிருந்து அதே சாறு வடிந்து, விடிவதற்குள் நொதித்துக் கள்ளாகிவிடும். அதைக் காய்ச்சினாலும் கருப்பட்டியாகக் கட்டாது. இறக்கிய பிறகு சுண்ணாம்பைக் கொட்டிப் பயனில்லை. அடிப்படையில் நான் நல்லவன் என்று நீங்கள் எழுதுவது மரத்தைப் பற்றிய பேச்சு. உங்கள் மனைவி கேட்பதோ கலயத்தைப் பற்றி.

பேருந்தில் பேசாமலிருந்து பழகியதால்தான் கடையிலும் வாய் திறக்கவில்லை என்று அவர் வாதிட்டால், அவ்வளவு நேராகக் கோடு போட எனக்குத் துணிவில்லை. அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் 10,000க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏமாற்றவும் பொய் சொல்லவும் திருடவும் இடம் கொடுத்துப் பார்த்து, 1928இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பரீட்சையில் பார்த்து எழுதிய பிள்ளை காசைத் தொடாமல் இருந்தது. காசை எடுத்த பிள்ளை வேறோர் இடத்தில் நேர்மையாக நடந்தது. நேர்மை என்பது ஆளுக்குள் ஒரே கட்டியாக இருப்பதில்லை, இடத்துக்கு இடம் மாறுகிறது என்று அவர்கள் சொன்னார்கள். பின்னால் வந்தவர்கள் அதே புள்ளிவிவரங்களை மறுபடி அலசி, ஆளுக்கு ஆள் ஒரு பொதுச் சாயலும் உண்டு என்று திருத்தினாலும், இடத்தின் பங்கு பெரிது என்பதை யாரும் தள்ளிவிடவில்லை. இது உங்களுக்கு ஆறுதல்போலத் தோன்றும், அவசரப்பட வேண்டாம். முதலாளியின் பணத்தில் ஒரு பைசா தொடாத உங்கள் நேர்மை, கடைப் பையன் திட்டு வாங்கும் இடத்தில் தானாக நடந்துவந்து உதவாது என்பதே இதன் பொருள். அந்த இடத்துக்கு அந்த நேர்மையைத் தனியாகப் பழக வேண்டும்.

அதற்காக, எடுக்கிற ஒவ்வொரு முடிவும் குணத்தைச் செதுக்குகிறது என்று மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இட்டிலிக்குச் சட்னியா மிளகாய்ப்பொடியா என்பதால் ஒருவனும் கெட்டுப்போனதில்லை. இன்னொருவர் தலையில் செலவு விழுகிற முடிவை, கேட்க ஆளில்லாத நேரத்தில், ஒரே மாதிரியான சூழலில் மறுபடி மறுபடி எடுக்கும்போதுதான் அது யோசனையைக் கேட்காமல் தானாக நடக்கத் தொடங்குகிறது. 21 நாளில் எந்தப் பழக்கத்தையும் மாற்றித் தருகிறோம் என்று பயிற்சி வகுப்புக்குப் பணம் கேட்கிறவர்களிடம் போய் நிற்காதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் அச்சிட்ட ஆய்வில், தினமும் ஒரே வேளையில் செய்கிற எளிய செயல் ஒன்று படிந்துபோக நடுத்தரமாக 66 நாள் ஆகிறது என்று கண்டார்கள். ஆளைப் பொறுத்து அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்று கணித்தார்கள். தண்ணீர் குடிப்பது, பழம் தின்பது போன்ற பழக்கங்களுக்கே இந்தப் பாடு. இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் எல்லாம் பாழாகிவிடவில்லை என்பதையும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதை நீங்கள் சாக்காக எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

உங்கள் மனைவி சொன்னதில் ஒன்றைத்தான் நான் திருத்துவேன். ‘இதுதான் உங்கள் குணம்’ என்று முற்றுப்புள்ளி வைத்தது அவசரம். ‘போன மாதம் வரை’ என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அந்த இடைவெளியை அவர் உங்களுக்குத் தரவில்லை என்றாலும் நான் தருகிறேன். நாளைக்குக் கடை திறந்ததும் பேரேட்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போய், பிழை இருந்த வரியைக் காட்டுங்கள். பையன் திட்டு வாங்கியது மற்றப் பணியாளர்கள் காதில் விழும்படி என்றால், இதையும் அவர்கள் காதில் விழும்படிச் சொல்லுங்கள். அவன் சம்பளத்தில் பிடித்தம் எதுவும் நடந்திருந்தால் அதை உங்கள் கையிலிருந்து கொடுங்கள். அவனைத் தனியே அழைத்துப்போய் ஒரு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று தோன்றும், அது வேண்டாம்.