மூன்றாம் சோடிக்கு நாலு மில்லியன்: உச்சவரம்புக்குள் ஒரு தடுப்பாட்டக்காரரை ட்ரேட் பண்ணுவது எப்படி? (கேள்வி பதில்)

என்எச்எல்லில் (வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்) ஒரு அணி வீரர்களுக்கு ஒதுக்கக்கூடிய சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அது பற்றி வந்த கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரியான ஆளைப் பற்றியவை. ஆகவே கணக்குக்கு ஒரு கற்பனை ஆளை வைத்துக்கொள்வோம்: மூன்றாம் சோடித் (அணியின் கடைசிச் சோடி) தடுப்பாட்டக்காரர், ஆண்டுக்கு 4 மில்லியன், இன்னும் இரண்டு பருவ ஒப்பந்தம், ஆட்டத்துக்குப் பதினான்கு நிமிடம் பனியில் நிற்பவர். தொகைகள் எல்லாம் அமெரிக்க டொலர். "வரம்புக் கணக்கு" என்று நான் எழுதுவது உச்சவரம்பில் அவர் பிடிக்கிற தொகையை, அதாவது முழு ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியை. கையில் கிடைக்கிற சம்பளம் வேறு. இந்த இரண்டையும் குழப்பினால் கீழே உள்ள எதுவும் விளங்காது.

அண்ணை, அந்தாள் ஒவ்வொரு இரவும் என்எச்எல்லில விளையாடுறவர்தானே. சும்மா குடுத்தாலும் ஏன் ஒருத்தரும் எடுக்கிறேல்லை?

அவர் செய்கிற வேலையை 2025-26 பருவத்தில் 775,000 டொலர் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு இன்னொருவர் செய்வார். வித்தியாசம் அந்தப் பருவத்துக்கு மட்டும் 3.225 மில்லியன். அவரை எடுக்கிற அணி அவ்வளவு இடத்தையும் இழக்கிறது. அதனால் இந்தப் பேரத்தில் நீங்கள் விற்கிறவர் இல்லை, வாங்குகிறவர். மற்ற அணியின் உச்சவரம்பு இடத்தை வாங்குகிறீர்கள், விலையை டிராஃப்ட் தெரிவுகளில் (ஆண்டுதோறும் இளம் வீரர்களைத் தெரிவுசெய்யும் வாய்ப்புகளில்) கொடுக்கிறீர்கள்.

விலை என்ன என்று பார்க்க இரண்டு பழைய பேரங்கள் போதும். 2020 செப்டம்பரில் நியூயோர்க் ரேஞ்சர்ஸ், மார்க் ஸ்டாலை 2021 இரண்டாம் சுற்றுத் தெரிவோடு சேர்த்து டிட்ரோயிட்டுக்கு அனுப்பியது. வரம்புக் கணக்கு 5.7 மில்லியன், மிச்சம் ஒரே ஒரு பருவம். திரும்பி வந்தது ஒன்றுமில்லை. 2023 பெப்ரவரியில் ஒட்டாவா, 4.5 மில்லியன் நிகிதா ஸைட்செவை ஒரு இரண்டாம் சுற்றுத் தெரிவும் ஒரு நான்காம் சுற்றுத் தெரிவும் கொடுத்து சிகாகோவிடம் தள்ளியது. அவருக்கு அந்தப் பருவத்தின் மிச்சமும் அடுத்த பருவமும் இருந்தன.

உச்சவரம்பு 2019-20 முதல் மூன்று பருவம் 81.5 மில்லியனிலேயே நின்றது, அதன்பிறகும் 2023-24 வரை ஆண்டுக்கு ஒரு மில்லியன்தான் ஏறியது. இடம் அரிதாக இருந்த காலத்து விலைகள் இவை. 2025-26இல் வரம்பு 95.5 மில்லியன், அடுத்த பருவத்துக்கு 104 மில்லியன் என்று லீக் முன்கூட்டியே அறிவித்தது. ஒரு பருவம் மட்டும் மிச்சமுள்ள மூன்றாம் சோடி ஆளுக்கு இப்போது இரண்டாம் சுற்றுத் தெரிவு கேட்டால் நான் கொடுக்கமாட்டேன். மூன்றாம் சுற்றிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

கீழ் லீக்குக்கு அனுப்பிவிட்டால் பிரச்சினை முடியாதா?

முடியாது. அமெரிக்கன் ஹொக்கி லீக்குக்கு அனுப்பினால் வரம்புக் கணக்கிலிருந்து கழிவது குறைந்தபட்சச் சம்பளத்தோடு 375,000 மட்டுமே, அதாவது 2025-26இல் 1.15 மில்லியன். நம் ஆளின் 2.85 மில்லியன் அப்படியே கணக்கில் நிற்கும். அவருடைய இடத்துக்கு 775,000க்கு ஒருவரைக் கூப்பிட்டதும் உண்மையில் மிஞ்சுவது 375,000. பதிலாள் குறைந்தபட்சச் சம்பளக்காரர் என்றால், எவ்வளவு பெரிய ஒப்பந்தத்தைக் கீழே அனுப்பினாலும் மிச்சம் இந்த 375,000தான். பலர் பதிலாளின் சம்பளத்தைக் கழிக்க மறந்து, முழு 1.15 மில்லியனும் கிடைத்துவிட்டது என்று எழுதுகிறார்கள்.

ஆனாலும் கீழே அனுப்புமுன் வெய்வர்ஸில் போடுவதில், அதாவது மற்ற எந்த அணியும் ஆளை எடுக்கலாம் என்று விடுவதில், ஒரு பயன் இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் வேறு அணி உரிமை கோரினால் முழு ஒப்பந்தமும் செலவில்லாமல் போய்விடும். கோராவிட்டால், சும்மா எடுக்க யாரும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும், அடுத்த தொலைபேசி அழைப்பில் விலை ஏறும். ஆகவே முதலில் ட்ரேட் கதை, பிறகுதான் வெய்வர்ஸ்.

பாதிச் சம்பளத்தை நாங்களே வைத்துக்கொண்டால்?

செய்யலாம், 50 வீதம் வரை. நம் ஆள் 2 மில்லியனாகப் போவார். அந்த விலையில் ஐந்தாறு அணிகளாவது காது கொடுக்கும், தெரிவு கொடுக்க வேண்டிய தேவையே சிலவேளை இராது. ஆனால் கட்டுப்பாடுகளைக் கவனியுங்கள். ஒரு அணி ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தங்களில் மட்டும் இப்படிப் பங்கு வைத்திருக்கலாம். அந்த மூன்றின் கூட்டுத்தொகை உச்சவரம்பின் 15 வீதத்தைத் தாண்டக்கூடாது. வைத்துக்கொண்ட பங்கு ஒப்பந்தம் முடியும்வரை உங்கள் கணக்கில் இருக்கும்; முதலாம் ஆண்டு 50, இரண்டாம் ஆண்டு 20 என்று மாற்ற இயலாது. அனுப்பிய ஆளை ஒரு வருடத்துக்குள் திரும்ப எடுக்கவும் முடியாது.

இரண்டு பருவம் மிச்சமிருக்கும்போது பாதியை வைத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. 2 மில்லியன் வெற்றுக் கணக்கு அடுத்த கோடையிலும் நிற்கும், மூன்று இடங்களில் ஒன்றும் அடைபட்டுக் கிடக்கும். கடைசிப் பருவத்தில் என்றால் இது நல்ல வழி.

மூன்றாவது அணி நடுவில் வருகிறதே, அது என்ன?

ஒரு ஒப்பந்தத்தில் இரண்டு அணிகள் வரை பங்கு வைத்துக்கொள்ளலாம். 2023 பெப்ரவரியில் ரயன் ஓரைலி செயின்ட் லூயிஸிலிருந்து ரொறொன்ரோ வந்தபோது, 7.5 மில்லியனில் பாதியைச் செயின்ட் லூயிஸும் கால்பங்கை மினசோட்டாவும் வைத்துக்கொண்டன. ரொறொன்ரோ கணக்கில் ஏறியது 1.875 மில்லியன். அந்த இடத்துக்காக மினசோட்டாவுக்குக் கிடைத்தது 2025 நான்காம் சுற்றுத் தெரிவு.

இப்போது அதே நாளில் இதைச் செய்ய வழியில்லை. முதல் பங்கு வைத்தபிறகு 75 வழக்கமான பருவ நாட்கள் போகவேண்டும் என்ற விதி 2025-26இல் வந்துவிட்டது.

பைஅவுட் பண்ணினால் ட்ரேட்டை விட மலிவு என்கிறார்களே?

பைஅவுட் என்றால் மிச்சச் சம்பளத்தின் ஒரு பங்கைக் கட்டி ஆளை விடுவிப்பது. காசில் மலிவாக இருக்கலாம். உச்சவரம்பில் பெரும்பாலும் இல்லை.

விதி இது: 26 வயதும் அதற்கு மேலும் என்றால் மிச்சச் சம்பளத்தின் மூன்றில் இரண்டு பங்கு, 26க்குக் கீழ் என்றால் மூன்றில் ஒரு பங்கு. மிச்ச ஆண்டுகளின் இரண்டு மடங்கு காலத்தில் அதைக் கட்டவேண்டும். நம் ஆளின் சம்பளமும் இரண்டு பருவத்திலும் 4 மில்லியன் என்றால் 8இல் மூன்றில் இரண்டு 5.333, அது நாலு ஆண்டுக்கு 1.333 வீதம். முதல் இரண்டு பருவம் 2.667 மில்லியன் இடம் கிடைக்கும். பிறகு இரண்டு பருவம், ஆள் இல்லாமலே 1.333 கணக்கில் நிற்கும்.

இது சம்பளம் சமமாக இருக்கிற நல்ல சந்தர்ப்பம். பிந்திய ஆண்டுகளில் சம்பளம் குறைந்து போகிற ஒப்பந்தம் என்றால் நிலைமை மோசம். 2017இல் ரேஞ்சர்ஸ் டான் ஜிராடியைப் பைஅவுட் பண்ணியதைப் பென்சிலும் தாளுமாக ஒருமுறை போட்டுப் பாருங்கள். வரம்புக் கணக்கு 5.5 மில்லியன், மிச்சம் மூன்று பருவம், ஆனால் கையில் கொடுக்கவேண்டிய சம்பளம் 4, 3, 3 என மொத்தம் 10 மில்லியன்தான். மூன்றில் இரண்டு 6.667, அதை ஆறு ஆண்டுக்குப் பிரித்தால் 1.111. ஒவ்வொரு பருவமும் அணி மிச்சம் பிடிக்கும் காசு அந்த ஆண்டுச் சம்பளத்திலிருந்து 1.111ஐக் கழித்தது, அதைத்தான் 5.5இலிருந்து குறைக்கிறார்கள். முதல் பருவம் 2.611, இரண்டாவதும் மூன்றாவதும் 3.611, அதன்பிறகு மூன்று பருவம் 1.111. ஆளே இல்லாத இரண்டு பருவங்களில் 3.611 மில்லியன்! அவரை வைத்திருந்தால் பிடித்திருக்கும் இடத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு.

ஒப்பந்தப் போனஸ் பைஅவுட்டில் குறையாது, முழுதாகவே கொடுக்கவேண்டும். 35 வயதுக்குப் பின் போட்ட சில ஒப்பந்தங்களில் வரம்புக் கணக்கும் குறையாது. 2019இல் ரொறொன்ரோ பற்றிக் மார்லோவின் 6.25 மில்லியனை இறக்க கரோலினாவுக்கு முதற்சுற்றுத் தெரிவு கொடுத்தது அதனால்தான். அது பதின்மூன்றாவது தெரிவாகி சேத் ஜார்விஸ் ஆனது.

நோ ட்ரேட், நோ மூவ் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. ஒப்பந்தத்தில் நோ ட்ரேட் (சம்மதமில்லாமல் ட்ரேட் பண்ணத் தடை) இருப்பவரை வெய்வர்ஸில் போடலாம், கீழே அனுப்பலாம். முழு நோ மூவ் இருந்தால் அதுவும் முடியாது. பைஅவுட்டை மட்டும் அது தடுக்காது. மூன்றாம் சோடி ஆட்களுக்கு அதிகம் இருப்பது, போகமாட்டேன் என்று எழுதிக்கொடுக்கிற பத்து அணிப் பட்டியல் மாதிரியான அரைகுறைத் தடை. இடம் அதிகமுள்ள அணிகள் பெரும்பாலும் தோற்கிற அணிகள், பட்டியலில் முதலில் எழுதப்படுவதும் அவைதான். ஆகவே முகவரிடம் பட்டியலை வாங்கிவிட்டு மற்ற அணிகளைக் கூப்பிடுங்கள். முதலில் பேரத்தை முடித்துவிட்டு ஆளிடம் போய்க் கெஞ்சுகிற நிலை வரக்கூடாது.

பதிலுக்கு இன்னொரு கூடாத ஒப்பந்தத்தை எடுப்பதில் என்ன லாபம்?

ஆண்டுகளைக் குறைக்கலாம், இது பலர் கவனிக்காத வழி. 2019 ஜூலையில் ரொறொன்ரோ ஸைட்செவை ஒட்டாவாவுக்குக் கொடுத்தது. அப்போது அவருக்கு 4.5 மில்லியன் வீதம் ஐந்து பருவம் மிச்சம். வந்த கோடி சீசி சில நாட்களில் அதே 4.5 மில்லியனுக்கு ஒரு வருடம் கையெழுத்திட்டார். அந்தப் பருவத்தில் இந்த இரண்டு பேருக்கிடையில் ஒரு சதமும் மிஞ்சவில்லை. ஆனால் ஐந்து வருடச் சுமை ஒரு வருடமானது. அதற்கு விலையாக கொனர் பிரவுண் என்ற நல்ல முன்கள வீரரும் சேர்ந்து போனார்.

தெரிவு கொடுக்க மனமில்லை. வேறு என்ன கொடுக்கலாம்?

மற்ற அணிக்கு உண்மையிலேயே தேவையான ஆளை. 2018இல் வொஷிங்டன், 5.5 மில்லியன் புரூக்ஸ் ஓர்பிக்கை கோல்காப்பாளர் பிலிப் குரூபவரோடு கட்டி கொலராடோவுக்கு அனுப்பி, 47ஆம் தெரிவை வாங்கியது. குரூபவரைத் தனியே விற்றிருந்தால் இன்னும் நல்ல விலை வந்திருக்கும் என்பது என் எண்ணம். அந்த வித்தியாசம்தான் ஓர்பிக்கை இறக்கிய கூலி. கொலராடோ ஓர்பிக்கை உடனே பைஅவுட் பண்ணியது. அவர் ஒரு மில்லியனுக்கு வொஷிங்டனுக்கே திரும்பி வந்தார்.

அனுப்பின பிறகு ஆள் நல்லா விளையாடினா என்ன செய்யிறது? அந்தப் பயம்தான் எனக்கு.

நியாயமான பயம், தம்பி. ஷேன் கொஸ்டிஸ்பெயரை 2021 மார்ச்சில் பிலடெல்பியா வெய்வர்ஸில் போட்டது, 4.5 மில்லியனுக்கு யாரும் கோரவில்லை. ஜூலையில் ஒரு இரண்டாம் சுற்றும் ஒரு ஏழாம் சுற்றும் கொடுத்து அரிசோனாவுக்குத் தள்ளினார்கள். அடுத்த பருவம் 82 ஆட்டத்தில் 51 புள்ளி எடுத்தார். 2023இல் அரிசோனா அவரை கரோலினாவுக்கு விற்று மூன்றாம் சுற்றுத் தெரிவும் வாங்கியது.

அனுப்புமுன் மூன்றைப் பாருங்கள். அவர் பனியில் நிற்கும்போது நம் கோல்காப்பாளரின் தடுப்பு வீதம் வழமையைவிடக் கீழே போயிருக்கிறதா? அது பெரும்பாலும் அவர் பிழையல்ல, மறு பருவம் தானாகத் திரும்பும். பவர் பிளேயிலிருந்து (எதிரணி ஆள் குறைந்து விளையாடும் நேரம்) எடுத்ததால் புள்ளி குறைந்ததா? கொஸ்டிஸ்பெயர் மாதிரி ஆளுக்கு அந்த நிமிடங்கள்தான் உயிர். சோடி மாறியதா, முழங்கால் அல்லது இடுப்புச் சிகிச்சை நடந்ததா? இவற்றுக்கு "ஆம்" என்று பதில் வந்தால் ஒரு குளிர்காலம் பொறுங்கள். பின்னோக்கிச் சறுக்கும் வேகமே போய்விட்டது, எதிரணி ஒவ்வொரு முறையும் அவர் பக்கத்தாலேயே நுழைகிறது என்றால் பொறுத்துப் பயனில்லை.

எப்போது செய்வது நல்லது?

டிராஃப்ட் வாரமும் ஜூலை முதல் நாட்களும். அப்போது பல அணிகளிடம் இடம் இருக்கும், தெரிவுகள் மேசையில் இருக்கும். ஜூலை முதலாம் திகதி போனஸ் இருந்தால் அதைக் கட்டிவிட்டு அனுப்புங்கள். வாங்குகிற அணிக்குக் காசுச் செலவு குறையும், சிக்கனமான உரிமையாளர் அதற்காகவே சம்மதிப்பார். கோடையில் உச்சவரம்புக்கு 10 வீதம் மேலே போகலாம் என்ற சலுகையை நம்பி ஓகஸ்ட் வரை இழுக்கவேண்டாம். 2024 ஓகஸ்டில் செயின்ட் லூயிஸ், எட்மன்டனின் இரண்டு இளம் வீரர்களுக்கு ஒரே நாளில் ஓஃபர் ஷீட் (மற்ற அணியின் வீரருக்குப் போடும் ஒப்பந்த அழைப்பு; பழைய அணி அதே தொகையைக் கொடுத்து ஈடுசெய்தால் ஆளை வைத்துக்கொள்ளலாம்) போட்டது. ஏழு நாள் அவகாசத்துக்குள் எட்மன்டன் 3.25 மில்லியன் சீசியை மூன்றாம் சுற்றுத் தெரிவோடு சான் ஹொசேக்கு அனுப்பியது. ஆம், அதே சீசிதான். கடைசியில் இரண்டு ஓஃபரையும் ஈடுசெய்யவில்லை, இரண்டு இளைஞரும் போய்விட்டார்கள். சான் ஹொசே அடுத்த பெப்ரவரியில் சீசியை மிக்கேல் கிரான்லண்டோடு டாலஸுக்கு விற்றது.

பருவத்தின் நடுவில் என்றால் கணக்கு நாளாந்தம் ஓடும். கால்பங்குப் பருவம் மிச்சமிருக்கும்போது நம் ஆள் இன்னும் பிடிப்பது 1 மில்லியன்தான். தொடக்கத்திலிருந்து 1 மில்லியனைச் சும்மா வைத்திருந்த அணி அவரை முழுதாக எடுக்கலாம். நீண்டகாலக் காயச் சலுகையில் (காயப்பட்ட வீரருக்காக உச்சவரம்பைத் தாண்ட விடும் விதி) ஓடுகிற அணியிடம் அப்படி இடம் சேராது, அங்கே கூப்பிட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

எல்லாம் பேசி முடித்தபிறகும் ட்ரேட் நின்றுபோவது ஏன்?

லீக் பதிவகத்தோடு இரண்டு அணியும் ஒரே அழைப்பில் விவரத்தை வாசித்து ஒப்புக்கொண்டால்தான் ட்ரேட். அங்கே இடறுவது பெரும்பாலும் சின்ன விசயம். வாங்குகிற அணியிடம் ஏற்கெனவே உச்ச அளவான 50 ஒப்பந்தம் இருக்கும். அப்போது கீழ் லீக் ஆள் ஒருவரை நீங்கள் திரும்ப எடுக்கவேண்டும், உங்களிடம் அதற்கு இடம் இருக்கிறதா பாருங்கள். 23 பேர் பட்டியல் நிரம்பியிருக்கும். தடைப் பட்டியலில் உள்ள அணிக்குப் போக ஆள் எழுத்தில் சம்மதம் தந்திருக்கமாட்டார். நிபந்தனைத் தெரிவு என்றால், எத்தனை ஆட்டம், எந்தத் திகதி, அந்தத் தெரிவு ஏற்கெனவே வேறு பேரத்தில் கட்டுப்பட்டதா என்பதையெல்லாம் அழைப்புக்கு முன்பே எழுதி மற்ற அணிக்கு அனுப்பிவிடுங்கள்.