எண்பதுகளின் ஹார்ட் ராக்: எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

எண்பதுகளின் ஹார்ட் ராக்கை, அதாவது உரத்த கிட்டார் ஓசையும் கனத்த தாளமும் கொண்ட ராக் இசையை, முதன்முறையாகக் கேட்பவர் எந்த ஆல்பத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற கேள்விக்கு, நெடுங்காலமாக இவ்விசையைக் கேட்டுவரும் எனது விடை ஏசி/டிசி குழுவின் 'பேக் இன் பிளாக்' என்பதே. 1980 பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட் இறந்துவிட, சில மாதங்களுக்குள் பிரையன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டு பஹாமாஸில் ஒலிப்பதிவை முடித்த குழுவினர், துக்கத்தின் அடையாளமாக அட்டையைக் கறுப்பாக்கி, முதல் பாடலை மணியோசையுடன் தொடங்கினர். தலைப்புப் பாடலில் மால்கம் யங்கின் கிட்டார் ஒவ்வொரு வீச்சுக்கும் பின் சட்டென்று நின்றுவிடுவதைக் கவனியுங்கள். அந்த இடைவெளியில் டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும்போதுதான் பாட்டின் கனம் புரியும்.

'பேக் இன் பிளாக்' ஆல்பத்தின் தயாரிப்பாளரான மட் லாங் உருவாக்கிய, டெஃப் லெப்பர்ட் குழுவின் 'ஹிஸ்டீரியா' (1987) இதற்கு நேரெதிரானது. குரல்களை அடுக்கடுக்காகச் சேர்த்து மெருகேற்றிய இசை அது. 1984 இறுதியில் கார் விபத்தில் இடது கையை இழந்த அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரிக் ஆலன், அந்தக் கை வாசிக்க வேண்டியதை இடது காலால் பெடல்களை மிதித்து வாசிக்கும் எலக்ட்ரானிக் டிரம்ஸுடன் மீண்டு வந்த ஆல்பம் என்பதால், அதன் தாளத்தை என்னால் வெறும் பின்னணியாகக் கேட்க முடிவதில்லை. முரட்டுத்தனமான ஓசையை விரும்புவோர், அதே ஆண்டில் வெளிவந்த கன்ஸ் அன்ட் ரோசஸ் குழுவின் முதல் ஆல்பத்தை அடுத்துக் கேட்கலாம்.