கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறார், இறக்கட்டுமா?

கேள்வி: என்னுடையது பதினைந்து வருடப் பழைய பெட்ரோல் கார். தினமும் காலையில் வண்டியை எடுத்தால் தரையில் உள்ளங்கை அளவுக்கு ஆயில் கறை. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "பின்பக்க கிராங்க் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்கிறார். இந்த வயதான வண்டிக்கு அவ்வளவு செலவு தேவையா? லீக்கை நிறுத்தும் திரவம் ஒன்று விற்கிறார்களே, அதை ஊற்றிப் பார்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம் (எஞ்சினின் சுழலும் தண்டு கியர்பாக்ஸ் பக்கம் வெளிவரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்தான் அந்தச் சீல்), ஆனால் குனிந்து பார்த்த மாத்திரத்தில் அதைச் சொல்லிவிட முடியாது. மேலே எங்கே கசிந்தாலும் ஆயில் எஞ்சின் மேலேயே வழிந்து இறங்கும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும், கடைசியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் வந்து சொட்டும். சொட்டும் இடத்தை வைத்துச் சீலைக் குற்றம் சொல்வது, நனைந்த சுவரைப் பார்த்து நேர் மேலே கூரையில் ஓட்டை என்பது மாதிரி.

முதலில் எஞ்சினை டிகிரீசர் போட்டுக் கழுவச் சொல்லுங்கள் (ஆல்டர்னேட்டர், வயர் கனெக்டர் பக்கம் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம்). நன்றாகக் காயவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள், அப்புறம் டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாக மேலிருந்து கீழே பாருங்கள். ஈரம் தெரிகிற மிக உயரமான இடம் எதுவோ அதுதான் நீங்கள் தேடுவது. அப்படியும் பிடிபடவில்லை என்றால் ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் இருக்கிறது, புற ஊதா விளக்கில் கசிந்த வழி பளிச்சென்று தெரியும்.

பழைய எஞ்சினில் நான் முதலில் சந்தேகப்படுவது டேப்பட் கவர் பேக்கிங்கைத்தான், அதாவது எஞ்சினின் மேல் மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டை. பல வருடச் சூட்டில் ரப்பர் பிளாஸ்டிக் போல விறைத்துவிடும், கழற்றி வளைத்தால் பட்டென்று ஒடியும். மாற்றுவது பெரிய வேலை இல்லை. லீக் நிற்கட்டுமே என்று போல்ட்டை இறுக்கிக்கொண்டே போனால் கவர் வளைந்து கசிவு கூடத்தான் செய்யும். அடுத்து, ஆயில் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கை விளக்கை எரியவைக்கும் ஆயில் பிரஷர் சுவிட்ச்: அதன் கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள், உள்ளே ஆயில் இருந்தால் சுவிட்சே கசிகிறது. ஃபில்டர் மாற்றிய கையோடு லீக் ஆரம்பித்ததென்றால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க அதன் மேல் புதியதை மாட்டியிருப்பார்கள், அடிக்கடி நடப்பதுதான். டிரெய்ன் பிளக் (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் அடித் திருகு) வாஷரையும் பாருங்கள்.

ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் கசிகிறதா? அப்போது பிசிவி வால்வு அடைத்திருக்கலாம். எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேற வழியில்லாமல், அழுத்தம் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். அதைச் சரிசெய்யாமல் சீலை மட்டும் மாற்றினால் புதுச் சீலும் கசியும்.

இத்தனையும் பார்த்த பிறகும் மேலே எல்லாம் காய்ந்திருந்து கியர்பாக்ஸ் முகப்பு மட்டும் நனைந்திருந்தால், அங்கே இருப்பதைத் தொட்டு மோந்து பாருங்கள். கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில், கசிவது கியர்பாக்ஸ் சீல். எஞ்சின் ஆயில்தான் என்றால் பெரும்பாலும் மெக்கானிக் சொன்னது சரி. அப்போதும் கிளட்ச் வழுக்கவில்லை, அடுத்த ஆயில் மாற்றம் வரை கொஞ்சம் ஊற்றிச் சமாளிக்க முடிகிறது என்றால், ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டு ஓட்டலாம். கிளட்ச் தேயும்போது கியர்பாக்ஸை எப்படியும் இறக்கத்தான் வேண்டும், ஒரே கூலியில் சீலையும் மாற்றிவிடுங்கள். ஆனால் சைலன்சர் குழாய் மேல் ஆயில் சொட்டிப் புகையோ கருகல் வாடையோ வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், தீப்பிடிக்கும்.

அந்தத் திரவம்? விறைத்த ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும், அவ்வளவுதான். கிழிந்த சீலுக்கும் ஒடிந்த பேக்கிங்குக்கும் அதனால் பயனில்லை.

கேள்வி: வாங்கப் போகும் பழைய வண்டியின் எஞ்சின் புதிது போலப் பளபளக்கிறது. நம்பலாமா?

பதில்: கழுவியிருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும். அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்துப் பாருங்கள். ஏசி தண்ணீர் சொட்டினால் கவலையில்லை. சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டோ கியர் ஆயில் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயில், பழுப்போ கறுப்போ என்றால் எஞ்சின் ஆயில். எது சொட்டினாலும் காரணம் தெரியாமல் விலை பேச உட்காராதீர்கள்.