ரேடியோவுக்கு ஒரு டப்பா போதுமா?

கேள்வி: தூத்துக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. சிற்றலை கேட்க மாடியில் 20 மீட்டர் வயர் கட்டியிருக்கிறேன். அதே மாடியில் என் தம்பி 100 வாட் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) டிரான்ஸ்மிட்டர் வைத்திருக்கிறான். போன ஐப்பசியில் என் ரிசீவர் செத்துவிட்டது. இடியோ தம்பியோ, தெரியவில்லை. 4,500 ரூபாய்க்கு ஒரு அரஸ்டர் (மின்னல் தடுப்பு) டப்பா மாட்டினால் இரண்டுக்கும் போதும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த மாதிரி டப்பாக்களைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வாயு நிரப்பிய குழாய் ஒன்றுதான் இருக்கும். தனியாக வாங்கினால் நூறு ரூபாய்கூட ஆகாது. 90 வோல்ட்டோ அதற்கு மேலோ ஏறினால்தான் அது விழிக்கும். எங்கோ தூரத்தில் விழுந்த இடியால் வயரில் ஏறுவதை எர்த்துக்கு இறக்கிவிடும், அவ்வளவுதான். உங்கள் ரிசீவருக்கோ 50 மைக்ரோவோல்ட்டே பலமான சிக்னல். தம்பி மைக்கை அமுக்கி, உங்கள் வயரில் பத்து இருபது வோல்ட் ஏறினால் குழாய் தூங்கிக்கொண்டிருக்கும். ரிசீவரின் முன்பகுதி போய்விடும்.

தம்பிக்கு மருந்து ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் தானே மாறும் சுவிட்ச். அவன் மைக்கை அமுக்கியதும் உங்கள் வயரை ரிசீவரிலிருந்து பிரித்து, ரிசீவரின் வாயை, அதாவது ஆன்டெனா செருகும் இடத்தை, எர்த்தோடு சேர்க்க வேண்டும். அதற்குத் துணையாக, ரிசீவர் வாய்க்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு 1N4148 டயோடுகளை (ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் சிறு பாகம்) பக்கம் பக்கமாக, எதிரெதிர் திசையில் போடுங்கள். 0.6 வோல்ட் வாக்குக்கு மேல் ஏறுவதை வெட்டிவிடும்.

உங்கள் ஊரில் இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தூத்துக்குடி வானொலி 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் நிலையம். அதன் சிக்னலே உங்கள் வயரில் டயோடைத் திறக்கும் அளவுக்கு ஏறலாம். அப்போது டயோடு மிக்சராக, அதாவது சிக்னல்களை ஒன்றோடொன்று கலக்கிப் புது சிக்னல்களை உண்டாக்குவதாக, மாறிவிடும். மும்மடங்கான 3159இல் அதே நிகழ்ச்சி கேட்கும், இல்லாத நிலையங்களெல்லாம் முளைக்கும். ரிசீவர் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கிடம் ஓடாதீர்கள். டயோடுகளைக் கழற்றிப் பாருங்கள். பேய் நிலையங்கள் மறைந்தால் குற்றவாளி அவைதான். பக்கத்துக்கு இரண்டாகத் தொடரில் போட்டால் வெட்டும் அளவு 1.2 வோல்ட்டாக உயரும். அதற்கும் அடங்காவிட்டால், டயோடுகளுக்கு முன்னால், அந்த நிலையம் இருக்கும் மீடியம் வேவைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்று தேவை. பின்னால் போட்டால் பயனில்லை.

சரி, இடி. நேராக விழும் மின்னலில் 30,000 ஆம்பியர் வாக்கில் பாயும். அதைத் தாங்கும் டப்பாவை யாரும் உங்களுக்கு விற்க முடியாது. குழாயை வையுங்கள், ஆனால் வீட்டுக்கு வெளியே, வயர் உள்ளே நுழையும் இடத்தில். அங்கேயே வயருக்கும் எர்த்துக்கும் நடுவே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருந்தால் நிலைமின்சாரம் சேராது. ரேடியோவுக்கென்று தனி எர்த் கம்பி அடித்தால், அதை வீட்டு எர்த்தோடு தடித்த கம்பியால் சேர்த்தே ஆகவேண்டும். இரண்டும் தனித்தனியாக இருந்தால் இடி ரிசீவர் வழியாகத்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்.

வீட்டு எர்த் உண்மையில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வயரிங் முடிந்தது என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் எத்தனை பேர் எர்த்தை அளந்து பார்க்கிறார்கள்? நியூட்ரலையே எர்த் பின்னில் முறுக்கிவிட்டுப் போன வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது.

வானம் கருக்கத் தொடங்கியதுமே ஆன்டெனா, கரன்ட் பிளக், கணினிக்குப் போகும் கேபிள் மூன்றையும் பிடுங்கிவிடுங்கள். இடிச் சத்தம் கேட்டுவிட்டால் எதையும் தொடாதீர்கள். ரிசீவர் போனால் போகட்டும்.