நிலவுக்கு எந்தக் கேமரா?

கேள்வி: என்னிடம் 2008இல் வெளிவந்த நிக்கான் டி90 கேமராவும் 18-105 மி.மீ. லென்ஸும் உள்ளன. பறவைகளையும் நிலவையும் படமெடுக்க விரும்புகிறேன். இதை விற்றுவிட்டு நிக்கான் பி1000 சூப்பர்ஜூம் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் விற்க வேண்டாம். உங்கள் லென்ஸை 105 மி.மீ. வரை நீட்டினாலும், நிலவின் பிம்பம் சென்சாரில் (ஒளியைப் படமாக்கும் சில்லில்) சுமார் 1 மி.மீ. அகலத்தில்தான் விழும் என்பதால், அதன் பள்ளங்களைத் தெளிவாகப் பார்க்க வழியே இல்லை. 3000 மி.மீ.க்கு இணையான ஜூம் கொண்ட பி1000இலோ நிலவு படச்சட்டத்தையே நிறைத்துவிடும். பகல் வெளிச்சத்தில் அசையாமல் அமர்ந்திருக்கும் பறவைக்கும் அதுவே பொருத்தம்.

வெளிச்சம் குறையும்போது நிலைமை தலைகீழாகிவிடும். டி90இன் சென்சார் பரப்பு, பி1000இன் சென்சாரைப் போல ஏறத்தாழ 13 மடங்கு பெரியது. மேலும், முழு ஜூமில் பி1000இன் ஒளி புகும் துளை எஃப்/8 அளவுக்குச் சுருங்கிவிடுவதால், மாலையில் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) உயர்த்த நேரிடும். அப்போது இறகின் நுண்கோடுகள் புள்ளிகளில் கரைந்து, மெழுகு பூசியதுபோலத் தெரியும். இந்தக் குறையை எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது என்பதே என் உறுதியான கருத்து.

பறக்கும் பறவையைத் தொடரவும் டி90இன் கண்ணாடி வழிக் காட்சியே உதவும். பி1000இன் மின்னணுத் திரையில் காட்சி சற்றுத் தாமதமாகவே வரும். பறக்கும் பறவைகளின் படங்களே உங்களுக்கு முக்கியமெனில், புதிய கேமராவுக்குப் பதிலாக, பழைய 70-300 மி.மீ. லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். டி90இன் உடலிலேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால், மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப் (தானியங்கி ஃபோகஸ்) லென்ஸ்களும் அதில் தானாக ஃபோகஸ் ஆகும்.