நார்வே இளவரசர் ஹரால்டு ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தது ஏன்?

ஹரால்டும் சோன்யாவும் 1959-இல் பழகத் தொடங்கியும் திருமணம் ஏன் 1968 வரை தள்ளிப்போனது என்று கேட்டிருக்கிறீர்கள். சோன்யா துணி வணிகரின் மகள். அரச குலத்தவர் அல்லர். ஹரால்டின் அக்காள்மார் இருவரும்கூட அரச குலத்துக்கு வெளியேதான் மணந்தார்கள். ஆனால் இவர் ஒரே மகன். அன்றைய அரசியலமைப்புப்படி ஆண்களுக்கே அரியணை. வருங்கால அரசி யார் என்பது நாட்டின் கவலையாகிவிட்டது.

சோன்யா இல்லையென்றால் கடைசிவரை திருமணமே வேண்டாம் என்று தந்தை ஐந்தாம் ஓலாவிடம் ஹரால்டு உறுதியாகச் சொல்லிவிட்டார். அப்படி நடந்தால் வம்சமே நின்றுவிடும்! அரசர் அரசாங்கத்தையும் நாடாளுமன்றத் தலைவர்களையும் கலந்து சம்மதித்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: சோன்யாவின் தந்தை முன்பே இறந்துவிட்டதால், ஆகஸ்ட் 29 அன்று ஒஸ்லோ பேராலயத்துக்குள் மணமகளைக் கைபிடித்து அழைத்து வந்தவர் அதே மாமனார்தான்.